நெய்மாருக்கு ‘இஞ்சுரி கேஸ்’னு பேர் வச்சது நியாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க விளையாட்டுப் பக்கத்துல பிரேசில் ஃபுட்பால் ஆட்டக்காரர் நெய்மார் பத்தி வந்த கட்டுரையப் படிச்சுட்டுதான் இத எழுதறேன். அவர் உடம்பே அப்படித்தான், லேசா தட்டுனாலே ஸ்ட்ரெச்சர் வரணும், பிப்ரவரி பொறந்தா காயமும் கூடவே பொறந்துரும், ஆட விருப்பமில்லாம சாக்கு சொல்றார், இவர நம்பி எந்த டீமும் இருக்கக்கூடாதுங்கற தொனில எழுதியிருந்தீங்க. எங்க ஊர் டீக்கடைலயும் இதையேதான் பேசறாங்க, வாட்ஸப் குரூப்ல வர்ற மீம்ஸும் இதையேதான் சொல்லுது, ஆனா ஒரு பேப்பர் அதையே எடுத்துப் போடும்போது பழசையெல்லாம் ஒரு தடவ பொரட்டிப் பாத்துட்டுப் போட்டிருக்கலாமேன்னு மனசு ஆறல. நான் பிரேசில் ரசிகன்தான். ஆனா அதுக்காக சொல்லல. ஒவ்வொரு காயமா எடுத்து, எப்படி வந்துச்சு, எந்தக் கால், எத்தன நாள் ஓய்வு கெடச்சுது, எப்ப திரும்ப எறக்குனாங்கன்னு பாத்தா அந்தப் பேரு அவருக்குப் பொருந்தல, 2023 அக்டோபர் வரைக்குமாவது பொருந்தல.

கண்ணாடி உடம்புன்னா சின்ன வயசுலயே தெரிஞ்சிருக்கணும்ல? 2009ல 17 வயசுல பிரேசில் கிளப் சாண்டோஸுக்கு ஆட வந்தவர் 2013ல பார்சிலோனாவுக்குப் போறதுக்குள்ள 225 மேட்ச் ஆடி 136 கோல் போட்டுட்டார். பிரேசில்ல சீசன்ங்கறது ஜனவரில மாநில சாம்பியன்ஷிப்ல தொடங்கி டிசம்பர் வரைக்கும் இழுக்கும், நடுவுல தென் அமெரிக்க கிளப்புகளுக்கான கோபா லிபர்டடோரஸ், நாடுகளுக்கான கோபா அமெரிக்கா, லண்டன் ஒலிம்பிக்ஸ், 2013 கான்ஃபெடரேஷன்ஸ் கப்புன்னு எல்லாத்துக்கும் அதே பையன்தான். அந்த ஒல்லி உடம்ப பிரேசில் டிஃபெண்டருங்க எப்படி ஒதைச்சாங்கன்னு பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். அப்ப யாரும் இஞ்சுரி கேஸ்னு சொல்லல. அப்புறம் பார்சிலோனால நாலு சீசன்ல 186 மேட்ச், 105 கோல். அதாவது சீசனுக்கு சராசரியா 46 மேட்ச். தட்டுனா ஒடையற உடம்பு இப்படியா ஆடும்?

2014 ஜூலை 4, ஃபோர்ட்டலேசா, உலகக் கோப்பை குவார்ட்டர் ஃபைனல். கொலம்பியாவோட சூனிகா பின்னாடி இருந்து பாஞ்சு முட்டியால முதுகுல இடிச்சார், முதுகெலும்புல முறிவு. அந்த ஒரே மேட்ச்ல 54 ஃபவுல், அதுல 31 பிரேசில் பண்ணதுதான், அதையும் சொல்லியாகணும், அன்னிக்கு ரெண்டு பக்கமும் கால வெட்டிக்கிட்டேதான் ஆடுனாங்க, ரெஃப்ரி கார்ட எடுக்கவே யோசிச்சார். சூனிகாவுக்கு ஒரு எல்லோ கார்டு கூட இல்ல. அப்புறம் ஃபிஃபா கிட்ட போனப்பவும் அவர் மேல நடவடிக்கை எடுக்கல. நாலு நாள் கழிச்சு நெய்மார் இல்லாத பிரேசில் ஜெர்மனிகிட்ட 7-1னு வாங்குனது உலகத்துக்கே தெரியும். இந்தக் காயத்த நெய்மாரோட காயக் கணக்குல சேக்கறது எந்த ஊர் நியாயம்? எந்த உடம்பா இருந்தாலும் பின்னாடி இருந்து முட்டி வந்து முதுகுல எறங்குனா எலும்பு ஒடையத்தான் செய்யும்.

அந்தப் பேரு உண்மையிலேயே ஒட்டுனது பாரிஸ்லதான். 2017ல பாரிஸ் செயிண்ட் ஜெர்மெய்ன் கிளப்புக்கு 222 மில்லியன் யூரோவுக்குப் போனார், அந்த வெலையே ஒரு சாபம் மாதிரி ஆயிருச்சு, ஏன்னா அவ்வளவு காசு குடுத்து வாங்குனவர் ஒரு மேட்ச் ஆடலேன்னாலும் செய்தி. 2018 பிப்ரவரி 25 மார்செய் மேட்ச்ல வலது பாதத்துல அஞ்சாவது மெட்டாடார்சல் ஒடைஞ்சுது, சுண்டுவிரலுக்கு நேரா பாதத்தோட வெளிப்பக்கமா போற எலும்பு அது. அதோட அடிப்பக்கத்துல ரத்த ஓட்டம் கம்மி, அதனால கூடறதுக்கு நாளாகும், கூடுன பிறகும் திரும்ப ஒடையற வாய்ப்பு ஜாஸ்தி, இது நெய்மாருக்குன்னு இல்ல, ஃபுட்பால் ஆடற எல்லாருக்கும் அந்த எலும்பு அப்படித்தான். மார்ச் 3ம் தேதி பெலோ ஹொரிஸாண்ட்டேல ஆபரேஷன். ஐரோப்பாவோட பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்ல ரியல் மாட்ரிட் கூட ரெண்டாவது லெக், அதாவது ரெண்டு மேட்ச் மோதல்ல ரெண்டாவது மேட்ச் போச்சு, டீம் வெளிய வந்துச்சு. அடுத்த வருஷம் 2019 ஜனவரில ஸ்ட்ராஸ்பர்க் கூட ஆடும்போது ஒருத்தர் பின்னாடியே வந்து கால திரும்பத் திரும்ப ஒதைச்சு, அதே பாதம், அதே எலும்பு. மான்செஸ்டர் யுனைட்டட் மேட்ச் ரெண்டும் போச்சு, டீம் மறுபடி வெளிய. 2021 பிப்ரவரில தொடை இடுக்கு தசை, பார்சிலோனா மேட்ச் ரெண்டும் போச்சு. 2023 பிப்ரவரில லீல் கூட கணுக்கால், பேயர்ன் கூட ரெண்டாவது லெக் போச்சு.

இத வச்சுதான் அந்தத் தங்கச்சி பிறந்தநாள் கதையக் கெளப்புனாங்க. மார்ச்ல தங்கச்சிக்கு பிறந்தநாள், அதுக்குப் போறதுக்காகத்தான் பிப்ரவரில காயம் வருதுன்னு. சார், ஒரு மனுஷன் பார்ட்டிக்குப் போறதுக்காக கால் எலும்ப ஒடச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்ணிக்குவாரா? சாம்பியன்ஸ் லீக் நாக்அவுட் தொடங்கறதே பிப்ரவரி மார்ச்லதான். மத்த மாசத்துல அடிபட்டா லீக்ல நாலு மேட்ச் போகும், யாரும் கவனிக்க மாட்டாங்க, பிப்ரவரில அடிபட்டா ஊரே பாக்கற மேட்ச் போகும். ஆகஸ்ட்ல தொடங்குன சீசன்ல உடம்பு களைச்சுப் போயிருக்கற நேரமும் அதுதான்.

பாரிஸ்ல ஆறு சீசன்ல அவர் ஆடுனது 173 மேட்ச். டீம் ஆடுனது முன்னூறுக்கு மேல. பாதிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இத நான் மூடி மறைக்க வரல, அந்தக் கிளப்புக்கு அது பெரிய நஷ்டம்தான், அதே 173ல 118 கோல் போட்டாருங்கறதையும் சேத்து சொன்னா சரி. நான் கேக்கறது அவர் எத்தன மேட்ச் ஆடலங்கறது இல்ல, ஏன் ஆடலங்கறது.

பார்சிலோனால அவர் எடதுபக்க லைனுக்குப் பக்கத்துல நின்னு ஆடுனார், வலதுபக்கம் மெஸ்ஸி, முன்னாடி சுவாரெஸ், எதிராளி டிஃபெண்ட் பண்ண வேண்டியவங்க மூணு பேரு. பாரிஸ்ல எல்லா பந்தும் இவர்கிட்ட வரணும்னு மிட்ஃபீல்டு வரைக்கும் எறங்கி வந்து வாங்குனார், அங்க நாலு பக்கமும் ஆள் இருப்பாங்க, பந்தக் கால்லயே வச்சுக்கிட்டு கடைசி நொடில தள்ளற ஆட்டம் அவரோடது, அந்த கடைசி நொடில வர்ற கால் பந்துல படாது, கணுக்கால்லதான் படும். சீக்கிரம் பாஸ் பண்ணியிருந்தா பாதி அடி தப்பியிருக்கும்னு சொன்னா ஒத்துக்கறேன். ஆனா அவர் அப்படி ஆடுறதப் பாக்கத்தானே டிக்கெட் வாங்குனாங்க?

2018 உலகக் கோப்பைல சுவிட்சர்லாந்து கூட முதல் மேட்ச், நெய்மார் மேல மட்டும் 10 ஃபவுல். 1998ல இங்கிலாந்து ஆட்டக்காரர் ஷியரருக்கு அப்புறம் உலகக் கோப்பைல ஒரே மேட்ச்ல ஒருத்தர் இவ்வளவு ஃபவுல் வாங்குனது அதுதான். மார்ச்ல ஆபரேஷன் ஆன காலோட ஜூன்ல இந்த அடி. ஆனா அந்த உலகக் கோப்பைல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கறது அவர் உருண்டதுதான். உருண்டது தப்புதான், மிகைப்படுத்துனார், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. அதோட வெலை என்னன்னா அதுக்கப்புறம் நெஜமாவே வலிச்சு விழுந்தாலும் யாரும் நம்பல, ஆட்டக்காரனோட வலிய ஊரே சிரிச்சுப் பாக்க ஆரம்பிச்சுருச்சு, ரெஃப்ரிக்கும் விசிலடிக்கத் தயக்கம், அடிக்கறவனுக்கு தைரியம். நடிக்கறாருங்கற பேரும் எப்பவும் காயம்ங்கற பேரும் ஒண்ணுக்கொண்ணு முரண் சார், ஆனா ரெண்டையும் ஒரே ஆள் மேல சேத்து ஏத்தி வச்சிருக்காங்க. நடிப்புன்னா காயம் இல்ல. காயம்னா நடிப்பு இல்ல. எதுன்னு முடிவு பண்ணிட்டுத் திட்டட்டும்.

வலது காலோட கதைய மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. 2018ல பாத எலும்பு, 2019 ஜனவரில அதே எலும்பு, 2019 ஜூன்ல கத்தார் கூட நட்பு ஆட்டத்துல கணுக்கால் லிகமெண்ட் (எலும்புகளச் சேத்துக் கட்டற நார்), அதனால சொந்த நாட்டுல நடந்த கோபா அமெரிக்காவே போச்சு, 2022 நவம்பர்ல உலகக் கோப்பைல செர்பியா கூட கணுக்கால், 2023 பிப்ரவரில மறுபடி கணுக்கால், அதுக்கு தோஹால ஆபரேஷன். எல்லாமே அந்த ஒரே கால். ஒருத்தருக்கு ஒடம்பு பூரா அங்கங்க பிஞ்சுக்கிட்டே இருந்தா அது உடம்பு வாகு, ஒரே இடத்துலயே திரும்பத் திரும்ப வந்தா பழைய காயம் சரியா ஆறறதுக்குள்ள எறக்கிட்டாங்கன்னுதான் நான் எடுத்துக்குவேன். செர்பியா மேட்ச் நவம்பர் 24, தென் கொரியா மேட்ச் டிசம்பர் 5. பதினோரு நாள். கணுக்கால் வீங்கி அழுதுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருந்த மனுஷன பதினோரு நாள்ல எறக்குனாங்க, அவரும் ஆடுவேன்னுதான் நின்னார், நாலு நாள் கழிச்சு குரோஷியா கூட எக்ஸ்ட்ரா டைம்ல பிரேசிலுக்காக பெலே போட்ட 77 கோல் கணக்க சமன் பண்ண அந்தக் கோலயும் போட்டார். அடுத்த பிப்ரவரில அதே கணுக்கால் போச்சு. அது வேற காயமா, இதோட தொடர்ச்சியா? ஒரு இடத்துல ஏற்கனவே பட்ட அடிதான் அடுத்த அடிக்குப் பெரிய காரணம்னு எந்த பிசியோவக் கேட்டாலும் சொல்லுவாங்க.

ஓய்வு கெடச்சா என்ன ஆகும்ங்கறதுக்கும் அவர் வாழ்க்கைலயே உதாரணம் இருக்கு. 2020ல கொரோனாவால மார்ச்ல ஆட்டம் நின்னுச்சு, பிரான்ஸ்ல லீக் சீசனயே பாதில முடிச்சுட்டாங்க, ஆகஸ்ட்ல லிஸ்பன்ல சாம்பியன்ஸ் லீக் நடந்தப்ப நெய்மார் அட்டாலான்டா, லைப்சிக், ஃபைனல்ல பேயர்ன்னு மூணு மேட்சும் ஆடுனார், அட்டாலான்டா கூட கடைசி நிமிஷத்துல அவர் ஓடுன ஓட்டத்தப் பாத்தவங்க யாரும் இது காயக்கார உடம்புன்னு சொல்ல மாட்டாங்க. பாரிஸ் முதல் தடவ ஃபைனலுக்குப் போனது அந்த வருஷம்தான். 2022 பிப்ரவரிலயும் ரெண்டு மாசத்துக்கு மேல ஓய்வுல இருந்துட்டு ரியல் மாட்ரிட் கூட சப்ஸ்டிட்யூட்டா வந்து கடைசி நேரத்துல எம்பாப்பேவுக்கு குதிகாலால தள்ளிவிட்டு கோல் வாங்கிக் குடுத்தார்.

இதே பேரு மெஸ்ஸிக்கும் இருந்துச்சுங்கறது இப்ப யாருக்கும் ஞாபகம் இல்ல. 2008 மார்ச்ல செல்டிக் மேட்ச்ல தொடைத் தசை கிழிஞ்சு அழுதுக்கிட்டே வெளிய போன 20 வயசு மெஸ்ஸிய இந்த உடம்பு தாங்குமான்னுதான் பேசுனாங்க. கிளப் என்ன பண்ணுச்சு? சாப்பாட்ட மாத்துனாங்க, ஒரு பிசியோவ நிழல் மாதிரி கூடவே அனுப்புனாங்க, மெல்ல மெல்ல அந்தப் பேரு போச்சு. ஜெர்மனியோட பேயர்ன் கிளப்புக்கு ஆடுன ஹாலந்துக்காரர் ராபன் கதை இன்னும் மோசம். 2010ல உலகக் கோப்பைக்குக் கெளம்பற முன்னாடி ஹங்கேரி கூட ஆடும்போது தொடைத் தசை போச்சு, ஹாலந்து டீம் அவசர அவசரமா தேத்தி ஃபைனல் வரைக்கும் ஆட வச்சாங்க, திரும்பி வந்ததும் பேயர்ன் டாக்டருங்க ஸ்கேன் எடுத்துப் பாத்தா பெரிய கிழிசல், அரை சீசன் போச்சு. பேயர்ன் கிளப் கோவப்பட்டு நஷ்ட ஈடு கேட்டு, கடைசில 2012ல ஹாலந்து டீமே வந்து பேயர்ன் கூட ஒரு மேட்ச் ஆடிக் குடுத்துதான் கணக்க முடிச்சாங்க. தப்பு யார் மேலன்னு ரெண்டு பக்கமும் அவ்வளவு சண்டை போட்டுக்கிட்டாங்க, ஆனா கண்ணாடி மனுஷன்ங்கற பேரு மட்டும் ராபனுக்கு. அதே ராபன்தான் 2013ல வெம்ப்ளில 89வது நிமிஷத்துல சாம்பியன்ஸ் லீக்க ஜெயிச்சுக் குடுத்தார்.

சரி, நெய்மாரோட 2023 அக்டோபர் 17க்கு வர்றேன். அதுக்கு முந்தின பிப்ரவரில கணுக்கால் போய் மார்ச்ல ஆபரேஷன், அதுக்கப்புறம் ஆகஸ்ட்ல பாரிஸுக்காக ஒரு பிராக்டிஸ் மேட்ச், அப்புறம் சவுதி கிளப் அல் ஹிலாலுக்குப் போனார், அங்க ஒரு மேட்ச் கூட ஆடறதுக்கு முன்னாடியே செப்டம்பர்ல பிரேசில் கூப்பிட்டு ஆட வச்சாங்க, பொலிவியா கூட ரெண்டு கோல், பெலே கணக்கத் தாண்டிட்டார், எல்லாரும் கைதட்டுனோம். அல் ஹிலால் கோச் ஜார்ஜ் ஜீசஸ் காயத்தோட இருக்கற ஆள ஏன் கூப்பிடறீங்கன்னு அப்பவே கேட்டார். அக்டோபர் 12 வெனிசுவேலா கூட டிரா, சொந்த ரசிகனே பாப்கார்ன் பாக்கெட்ட அவர் தலைல வீசுனான். அஞ்சு நாள் கழிச்சு மாண்டிவிடியோல உருகுவே கூட இடது முழங்கால் மூட்டு திரும்பி லிகமெண்ட்டும் மெனிஸ்கஸும் (மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி இருக்கற குருத்தெலும்பு) கிழிஞ்சுது. ஆறு மாசத்துக்கு மேல சும்மா இருந்த உடம்ப அஞ்சாறு வாரத்துல ரெண்டு கண்டத்துக்கு நடுவுல ஓட விட்டதாலதான் கிழிஞ்சுதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, மூட்டு லிகமெண்ட் நல்லா இருக்கறவங்களுக்கும் போகும். ஆனா பொறுப்பா இருந்தாங்கன்னும் சொல்ல முடியாது.

எங்களுக்கு அது வெறும் டிவி செய்தி இல்ல. அந்த வருஷம் ஏசியன் சாம்பியன்ஸ் லீக்ல அல் ஹிலாலும் மும்பை சிட்டியும் ஒரே குரூப். நெய்மார் இந்தியாவுக்கு வரப்போறார்னு டிரா வந்த அன்னிக்கு எங்க கடற்கரை ஊர்ப் பக்கம் பசங்க ஆடுன ஆட்டம் கொஞ்சமில்ல, ரயில் டிக்கெட் வரைக்கும் போட்டாங்க. நவம்பர் 6ம் தேதி மேட்ச் நடந்துச்சு, அல் ஹிலால் 2-0 ஜெயிச்சுது, நெய்மார் பிரேசில்ல கால் ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருந்தார். அந்தப் பசங்கள்ல சில பேரு இன்னிக்கு அவரத் திட்டறாங்க, அந்த ஏமாத்தம் எனக்கும் புரியுது.

அதுக்கப்புறம் நடந்தது வேற. அத நான் நியாயப்படுத்த வரல. மூட்டு ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசத்துக்குள்ள அவர் பேர்லயே ஒரு கப்பல் பார்ட்டி நடத்துனார், அது தப்பான நேரம், ரசிகனா எனக்கே கோவம் வந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு 2024 அக்டோபர்ல திரும்ப வந்தார், ரெண்டாவது மேட்ச்லயே தொடைத் தசை போச்சு. அல் ஹிலாலுக்கு மொத்தமே 7 மேட்ச்தான். 2025ல சாண்டோஸ் திரும்புன பிறகும் மார்ச்ல தொடை, ஏப்ரல்ல தொடை, செப்டம்பர்ல தொடை. யாரும் மிதிக்கல, யாரும் இடிக்கல, ஓடும்போதே தசை இழுத்துக்குது. இப்ப இருக்கற நெய்மாரப் பாத்து காயம் வர்ற உடம்புன்னு சொன்னா நான் மறுக்க மாட்டேன், 2025 மே மாசம் பிரேசில் கோச்சா வந்த ஆன்சலோட்டி அந்த வருஷம் முடியற வரைக்கும் அவர டீம்ல சேக்காம இருந்ததயும் தப்புன்னு சொல்ல மாட்டேன். 33 வயசுக்குள்ள வலது கணுக்கால்லயும் இடது மூட்டுலயும் இவ்வளவு பட்ட பிறகு உடம்பு இப்படி ஆயிருக்கு. இத வச்சு 2010லருந்தே இவர் இப்படித்தான்னு பின்னோக்கி எழுதறதுதான் எனக்கு ஒத்துவரல.

அந்த 2025 கடைசியையும் கட்டுரைல விட்டுட்டீங்க. சாண்டோஸ் கீழ் டிவிஷனுக்குப் போற நெலமைல இருந்துச்சு, நெய்மாருக்கு அதே இடது மூட்டுல மெனிஸ்கஸ் கிழிசல், சீசன் முடிஞ்சுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அவர் அந்த மூட்டோடயே ஆடுனார், ஜுவென்டூட் கூட மூணு கோல் போட்டார், டீம் தப்பிச்சுது, அப்புறம் டிசம்பர்ல ஆபரேஷனுக்குப் போனார். இது புத்திசாலித்தனமான்னா இல்ல, ஒரு நல்ல டாக்டர் விட்டிருக்கக் கூடாது. ஆனா ஆட விரும்பாதவர், சாக்கு சொல்றவர்னு எழுதறீங்களே, அதுக்கு இது எங்க பொருந்துது?

எனக்கு இதுல இவ்வளவு அக்கறை ஏன்னா எங்க ஊர்ல டீமுக்கு ஏழு பேர் ஆடற செவன்ஸ் டோர்னமெண்ட் நடக்கும், பரிசுத் தொகை நல்லா இருக்கும், பக்கத்து ஊர்லருந்தெல்லாம் கூட்டம் வரும். கணுக்கால் வீங்குன பையன் ஐஸ் வச்சு, ஸ்பிரே அடிச்சு, இறுக்கிக் கட்டிக்கிட்டு எறங்கறான், ரெண்டு மேட்ச் உக்காந்தா இவனுக்கு எப்பவும் காயம்தான்னு அடுத்த டோர்னமெண்ட்டுக்குக் கூப்பிட மாட்டாங்கங்கற பயம். நல்லா ஆடுன ஒரு பையன், 24 வயசுக்குள்ள ரெண்டு மூட்டும் போய் இப்ப மீன் ஏலக்கூடத்துல கணக்கு எழுதறான். அவனுக்கும் அதே பேருதான் வச்சாங்க. லிகமெண்ட் கிழிஞ்ச மூட்டோட அவன ஃபைனல்ல எறக்குன கமிட்டிக்கு யாரும் எந்தப் பேரும் வைக்கல.

அதனால உங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான் சார். நெய்மாரோ வேற யாரோ, காயம்னு எழுதும்போது எந்தக் கால், எந்த இடம், எப்படி பட்டுச்சு, போன தடவ பட்டதுக்கும் இதுக்கும் எத்தன நாள் இடைவெளி, யார் சொல்லி எறங்குனார்னு ரெண்டு வரி சேத்துப் போடுங்க. உங்க விளையாட்டுப் பக்கத்த எங்க ஊர்ப் பசங்க லைப்ரரில காத்திருந்து வாங்கிப் படிக்கறாங்க, கோச்சுங்களும் படிக்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்